கார்பெட் கழுவும் வேலையில் கை வெந்தால் ஈ.எஸ்.ஐ. கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு ஈஜிபுராவில் இருக்கிறோம். என் கணவர் வெளிவட்டச் சாலை ஐ.டி. ஆபீஸ்களில் ராத்திரி ஷிப்டில் கார்பெட் சுத்தம் செய்கிறார். கான்ட்ராக்ட் வேலை, சம்பளம் 17,000 ரூபாய். ஒரு வருடமாகக் கைத்தோல் உரிந்து வெடிக்கிறது, இருமலும் விடவில்லை. போன மாதம் துருக்கறை எடுக்கும் மருந்து கிளவுஸ் ஓட்டை வழியாக விரலில் பட்டது. அப்போது ஒன்றும் தெரியவில்லை; விடியற்காலை வலியில் துடித்துவிட்டார். சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த கிளினிக்கில் ஊசி போட வைத்து, ஒரு பேப்பரில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நாலு நாள் சம்பளம் போனது. ஈ.எஸ்.ஐ. கேட்டால், "ஓ.டி.யோட சேர்த்தா 21,000 தாண்டுது, உனக்குக் கிடையாது" என்கிறார்கள். ஒரு ஏஜென்ட் 4,000 ரூபாய் கொடுத்தால் பழைய தேதியில் கார்டு போட்டுத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? வேலையை விடச் சொல்லட்டுமா?

பதில்: அந்த 4,000 ரூபாயை வீட்டிலேயே வையுங்கள். ஈ.எஸ்.ஐ. பதிவுக்குத் தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. பதிவு செய்வது வேலை கொடுத்தவரின் கடமை. ஏஜென்ட் போடும் 'பழைய தேதி' கார்டு பெரும்பாலும் யாரோ ஒரு சின்னக் கம்பெனியின் கணக்கில் உங்கள் கணவரைச் சேர்ப்பதுதான். நாளைக்கு ஆஸ்பத்திரியில் "எங்கே வேலை செய்தீர்கள்?" என்று கேட்டால், அவர் சொல்லும் இடமும் கார்டில் இருக்கும் இடமும் வேறாக இருக்கும். மாட்டிக்கொள்வது ஏஜென்ட் அல்ல, நீங்கள்.

ஓ.டி. கதையும் பொய். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்குத்தான் ஈ.எஸ்.ஐ.; ஆனால் அந்த வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் (ஓ.டி.) பணத்தைச் சேர்க்கக் கூடாது. 17,000 சம்பளக்காரர் ராத்திரி முழுக்க ஓ.டி. பார்த்து 22,000 வாங்கினாலும் திட்டத்துக்குள்தான் இருக்கிறார். இந்தப் பொய்யை நான் கேட்காத கட்டடமே இந்த ஊரில் இல்லை. ஒரே ஆள் ஒரே மாதிரி எல்லா இடத்துக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தானோ என்று தோன்றும்.

இப்போது சம்பளச் சீட்டை எடுங்கள். 17,000-க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 128 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம். சீட்டில் 680 ரூபாய் பிடித்திருந்தால் முதலாளியின் பங்கையும் உங்கள் கணவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அது சட்டப்படி குற்றம். எதுவுமே பிடிக்கவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம், கட்டாமல் விட்டது அவர்கள் தவறு. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால், யாருடைய இடத்தில் வேலை நடக்கிறதோ அந்த ஐ.டி. கம்பெனிதான் பிரதான முதலாளி என்ற முறையில் பொறுப்பு. கான்ட்ராக்டருக்கு உங்கள் கண்ணீர் உறைக்காது; கிளையன்ட் கம்பெனியின் அட்மின் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தால் உறைக்கும். எழுத்தில் புகார் கொடுங்கள், ஒரு நகல் அவர்களுக்கும் போகட்டும்.

கான்ட்ராக்ட் கைமாறும்போது இன்னொன்று நடக்கும். அதே ஆள், அதே மாடி, அதே மெஷின். சட்டை நிறம் மட்டும் மாறும். புதுக் கான்ட்ராக்டர் பழைய எண்ணைக் கேட்காமல் புது ஈ.எஸ்.ஐ. எண் போட்டுவிடுவார். பத்து இலக்க எண் ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டானால் கட்டிய நாட்கள் இரண்டாகப் பிரிந்துபோகும். உடம்பு சரியில்லாத காலத்துக்குப் பணம் வாங்க ஆறு மாதக் காலத்தில் 78 நாள் கணக்கு வேண்டும். ஒன்றில் 50, இன்னொன்றில் 60 என்று கிடந்தால் கை நீட்ட முடியாது. அவருக்கு ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று மத்திய அரசின் உமாங் செயலியில் பாருங்கள்.

ஆனால் வேலையில் நடந்த காயத்துக்கு இந்த 78 நாள் கணக்கே வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காயம்பட்டாலும், விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாள் வேலை செய்ய முடியாமல் போனால் கூலியில் 90 சதவீதம் உண்டு. அதனால்தான் சூப்பர்வைசர்கள் 'தெரிந்த டாக்டரிடம்' ஓடுகிறார்கள். அங்கே எழுதும் சீட்டில் "கை எரிச்சல்" என்று மட்டும் இருக்கும். எங்கே, எப்படி என்று இருக்காது. கையெழுத்து வாங்கிய பேப்பரில் என்ன இருந்தது என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறதா? இனிமேல் எது நடந்தாலும் இந்திராநகர் அல்லது ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகட்டும். "வேலை செய்யும்போது, இந்த மருந்து பட்டு, இத்தனை மணிக்கு" என்று டாக்டர் எழுதும்வரை அவர் எதிரிலிருந்து எழுந்திருக்கக் கூடாது. விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி சூப்பர்வைசருக்கு அன்றைக்கே வாட்ஸ்அப் அனுப்பட்டும். அவர் பதில் போடாவிட்டாலும் தேதி நிற்கும்.

சரி, அந்தத் துரு மருந்து. சாதாரண கெமிக்கல் பட்டால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும்: கிளவுஸைக் கழற்றி ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். கார்பெட் ஷாம்பூ, காரம் (ஆல்கலி) கலந்த ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் இது போதும். துருக்கறை எடுக்கும் மருந்துக்கு மட்டும் போதாது. அவற்றில் பலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். அடர்த்தி குறைவாக இருந்தால் பட்டவுடன் எரியாது. தோலுக்குள் இறங்கி, நகத்துக்கு அடியில் போய், உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பல மணி நேரம் கழித்துத்தான் வலி வரும். உங்கள் கணவர் ராத்திரி தொட்டு விடியற்காலையில் துடித்தது அப்படியே இதன் அடையாளம். அதிகம் பட்டால் இதயத்தையே பாதிக்கும். வலிக்கு ஊசி போட்டு அனுப்புகிற விஷயமே அல்ல. தண்ணீரில் கழுவியவுடன் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பாட்டிலையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். பாட்டில் இல்லாவிட்டால் டாக்டருக்கும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். இந்த மருந்தை வாங்குகிற கான்ட்ராக்டர் ஜெல்லையும் வாங்கி வைக்க வேண்டும். எத்தனை ஸ்டோர் ரூமில் பார்த்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள். விரலில் இன்னும் மரத்துப்போன உணர்வோ, நகத்தடியில் வலியோ இருந்தால் இந்த வாரமே காட்டுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் துரு பாதி நேரம் நாமே வரவழைப்பது. ஈரக் கார்பெட்டின் மேல் இரும்புக் கால் உள்ள டிராயர் பெட்டியைத் திருப்பி வைத்தால் காலையில் பழுப்பு வட்டம் தயார். காலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்தால் கறையும் வராது, அமிலமும் வேண்டாம்.

தோல் உரிவதற்குக் காரணம் அநேகமாக அந்தக் காரமும், உறைக்குள் ஊறும் வியர்வையும். மெல்லிய ரப்பர் கிளவுஸ் அரை மணி நேரம் தாங்காது. முழங்கை வரும் நைட்ரைல் கிளவுஸ் வேண்டும். இருமலுக்கு ஒரு கேள்வி: லீவில் ஊருக்குப் போனால் குறைகிறதா? குறைந்தால் வேலைதான் காரணம், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். "நுரை நல்லா வரட்டும்" என்று ஷாம்பூவை அளவுக்கு மேல் ஊற்றினால் காய்ந்ததும் பொடியாகப் பறந்து தொண்டையை அரிக்கும். ராத்திரி ஏ.சி.யை நிறுத்திவிட்டு மூடிய மாடியில் கறை நீக்கும் திரவம் தெளித்தால் அதன் ஆவிக்குப் போக வழியில்லை. வேலை முடியும்வரை காற்றோட்ட மெஷினை ஓட விடும்படி கிளையன்டைக் கேட்க வேண்டும். நீல முகமூடி, என்95 எதுவும் ஆவியைத் தடுக்காது. அதைக் கொடுத்துவிட்டு "பாதுகாப்புக் கொடுத்தாச்சு" என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

2025 நவம்பர் 21 முதல் 29 பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது புதுச் சட்டம். உங்கள் கணவர் கையில் ஒன்று இருக்கிறதா? இருக்காது. சட்டம் டெல்லியில் மாறும், சர்வீஸ் லிப்ட்டில் ஏறுகிறவனுக்கு மாற எத்தனை வருடமோ. இருந்தாலும் கேட்டு வாங்குங்கள், கான்ட்ராக்டர் யார் என்பதற்கு அதுதான் சாட்சி.

வேலையை விடுவதா? இப்போது விடச் சொல்ல மாட்டேன். விட்டால் புகாருக்குப் பலம் குறையும், "அவர் எங்களிடம் இல்லவே இல்லை" என்பார்கள். கை ஆறும்வரை வாக்யூம் போடும் வேலை கேட்கட்டும். அந்த ராத்திரி வேலை செய்ததற்கு கேட் பதிவேடு, டூட்டி சார்ட் எதன் போட்டோ கிடைத்தாலும் எடுத்து வைக்கட்டும். அப்புறம் ஒன்று: துரு மருந்தைக் கேனிலிருந்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மாடிக்கு எடுத்துப்போகும் பழக்கம் அங்கே இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தாகம் எடுக்கிறவர் லேபிள் பார்த்துக் குடிப்பதில்லை.