ஓஸ் நாட்டை ஒட்டுசுட்டானில் எடுக்கலாமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறேன். 'ஓஸ் நாட்டு மந்திரவாதி' கதையைச் சொன்னதிலிருந்து, அதைப் படமாக எடுப்போம் என்று பிள்ளைகள் பதினான்கு பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கையில் இருப்பது ஒரு போன். இருபது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். யாரிடம் அனுமதி கேட்பது? சூறாவளியையும் மரகத நகரத்தையும் எப்படிக் காட்டுவது?

ரீச்சர், அனுமதி விசயத்தை முதலில் முடித்துவிடுவோம். பிராங்க் பாம் இந்த நாவலை 1900இல் வெளியிட்டார், 1919இல் இறந்தார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. ஆகவே நாவலுக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. அதன் வசனங்களை அப்படியே எடுக்காதீர்கள். 1939இல் வந்த ஹொலிவூட் படமும் தனிச் சொத்து. அதன் பாட்டுகளைத் தொடாதீர்கள். எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சிவப்புச் சப்பாத்தும் அந்தப் படத்துக்காக மாற்றியதுதான். நாவலில் அது வெள்ளிச் சப்பாத்து.

வெள்ளி என்றால் நம் பிள்ளைக்குக் கொலுசு போடலாமே! நாவலில், சூறாவளி ஓஸ் நாட்டுக்கு அடித்துக்கொண்டுபோன சிறுமி டொரத்தி, குதிக்காலை மூன்று முறை தட்டித்தான் வீடு திரும்புகிறாள். கிரவல் வீதியில் ஒரு சின்னப் பாதம், மூன்று தட்டு, மூன்று கிலுக்கு. அதற்கு எந்தக் கணினி வித்தையும் வேண்டாம்.

அடுத்தது, வெட்டுவது. நாவலில் 24 அத்தியாயங்கள். அதில் வரும் பீங்கான் மனிதர்களை ஹொலிவூட்டே விட்டுவிட்டது. டொரத்திக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வீட்டுக்குப் போக வேண்டும். அந்த ஆசையை முன்னே தள்ளாத காட்சி எவ்வளவு அழகானாலும் வெட்டுங்கள். இருபது நிமிடம் போதுமா என்று யோசிக்காதீர்கள். 1903இல் இங்கிலாந்தில் ஆலிஸ் கதையை முதன்முதலாகப் படமாக்கியபோது, முழுப் படமும் ஏறக்குறைய 12 நிமிடம்தான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு மிகவும் முக்கியமானது: பருவம். நாவலின் தொடக்கத்தில், டொரத்தியின் ஊரான கன்சாஸில் நிலம், புல், வீடு எல்லாமே சாம்பல் நிறம். ஹொலிவூட் படம் அதைப் பழுப்பில் தொடங்கி ஓஸில் வண்ணத்துக்கு மாறியது. உங்கள் நிலம் அதைத் தானாகவே செய்கிறது. சோளகம் வீசும் ஆவணியில் ஒரு மானாவாரி வயலைப் பாருங்கள், வெடித்த மண்ணும் காய்ந்த புல்லும்தான். அதே வயல் மார்கழியில் காலபோக நெல்லோடு கண்ணைப் பறிக்கும். ஆவணியில் கமரா வைத்த இடத்தில் ஒரு கட்டை அடித்து வையுங்கள். மார்கழியில் அதே கட்டையில் நின்று எடுங்கள். இடையில் ஒரு பிள்ளைக்குப் பல் விழுந்திருக்கும். விழட்டும், ஓஸ் போய் வந்தவளுக்குப் பல் விழாதா என்ன!

டொரத்தியின் வழித்துணைகளுக்கு வருவோம். வெருளிக்குப் பஞ்சமில்லை, எந்த வயலிலும் நிற்கும். தகர மனிதனுக்கு உண்மைத் தகரம் கட்டாதீர்கள், விளிம்பு வெட்டும். மட்டையில் வெள்ளித்தாள் ஒட்டினால் போதும். முகத்தில் வெள்ளிப் பொடி பூசவே கூடாது. 1939 படத்தில் முதலில் இந்த வேடம் போட்டவர் ஒப்பனையில் இருந்த அலுமினியத் தூளால் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மரகத நகரத்துக்கு நாவலே வழி சொல்கிறது. அங்கே எல்லாரும் பச்சைக் கண்ணாடி போட வேண்டும், அதனால்தான் நகரம் அவ்வளவு பச்சை. போன் லென்ஸுக்கு முன் பச்சைக் கண்ணாடித்தாளைப் பிடித்தால் உங்கள் பொதுநோக்கு மண்டபமே மரகத நகரம்.

சூறாவளியை வெளியே காட்டப் போகாதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள்: ஆடும் அரிக்கன் லாம்பு, கட்டிலுக்கடியில் ஓடும் நாய்க்குட்டி, சுவரைப் பிடிக்கும் கை. சத்தத்துக்கு ஒரு தகரத் துண்டை உதறுங்கள். ஆனால் அதைப் பிறகு தனியாக, பகலில், அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். போரில் வீடு போகிற சத்தத்தைக் கேட்டவர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். அழுகிற காட்சிக்காக எந்தப் பிள்ளையிடமும் சொந்த வீட்டுக் கதையைக் கேட்காதீர்கள். காட்டோரமாக எடுப்பதென்றால் ஊரார் தினமும் நடக்கிற பாதையை விட்டு இறங்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இல்லை என்பது மட்டும் போதாது.

அப்புறம், முடிவு. ஹொலிவூட் படத்தில் எல்லாமே கனவு. டொரத்தி பழைய வீட்டில், பழைய கட்டிலில் கண் விழிக்கிறாள். தயவுசெய்து அதை எடுக்காதீர்கள், நாவலின் முடிவையே எடுங்கள். அதில் பழைய வீட்டைச் சூறாவளி கொண்டுபோய்விட்டது. அவள் திரும்பி வரும்போது ஹென்றி மாமா கட்டிய புது வீடு நிற்கிறது. வெள்ளிச் சப்பாத்து வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது. கோவாப் பயிருக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்த அவளுடைய மாமி 'எம்' அவளைக் காண்கிறாள். வசனமே வேண்டாம், ரீச்சர். உங்கள் ஊர் வீட்டுத்திட்ட வீடு ஒன்றின் முற்றம், ஒரு வாளி, ஒரு மாமி, வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை. வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கும்வரை கமராவை நிறுத்தாதீர்கள்.