அடுத்த தெரு வழியாக

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 49 வயது. காரைக்குடி பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்குக் கடனாகக் கொடுத்த சரக்குக்கு நாலு லட்சம் வரவேண்டியிருக்கிறது. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், பெர்மிட்டைப் புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை. மகள் நர்சிங் முடிக்கப்போகிறாள், வரன் பார்க்க வேண்டும். எனக்குச் சர்க்கரை வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடிகிறவரை தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தைத் தவறவிடுவதில்லை. 'ஒன்றுக்கும் கவலைப்படாமல்' என்ற பிலிப்பியர் வசனத்தை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு ஊருணியைச் சுற்றி நடந்துகொண்டே ஜெபிக்கிறேன். அம்மா மூன்று வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். அப்பாவுக்கு 81. பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். சாப்பாட்டுக்குக் குறையில்லை, டிபன் கேரியரில் போய்விடும். நான் நடந்து திரும்பும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பார்த்தால் ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்துவிடுவார், மனசு இன்னும் பாரமாகும் என்று அடுத்த தெரு வழியாக வந்துவிடுவேன். இவ்வளவு ஜெபித்தும் ஏன் சமாதானம் இல்லை? என் விசுவாசம் குறைவா? கவலையை ஜெயிக்க நல்ல வசனங்கள் எழுதுங்கள்.

பதில்: தம்பி, உங்களுக்குப் புது வசனம் எதுவும் தேவையில்லை. கடன், பெர்மிட், வரன், சர்க்கரை, இரண்டு மணி முழிப்பு என்று இதே கடிதம் எனக்கு மாதத்துக்கு நாலைந்து வருகிறது. ஊரும் தொழிலும்தான் மாறும். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற ஒரு வரி மற்றவர்கள் கடிதத்தில் இல்லை. 'அடுத்த தெரு வழியாக வந்துவிடுவேன்.' அதை எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சமாவது நின்றதா? நிற்காமல்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்தத் தெருவை எனக்குத் தெரியும். நம் ஊர்களில் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடியும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்ததில். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, ஐந்தரை மணிக்குப் பின்வாசல் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. இரண்டு பக்கமும் நீளச் சுவர், நடுவில் நீங்கள், வாயில் ஜெபம். சுவருக்கு அந்தப் பக்கம் முன்தெருவில் 81 வயது மனிதர் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார். அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நம் ஊரில் யார் எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் போனார்கள் என்பது பால்காரர் சைக்கிளோடு வீடுவீடாகப் போய்விடும். அப்பா உங்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு வேதம் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. அப்படியானால் லூக்கா பத்தாம் அதிகாரத்தை எடுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் குற்றுயிராகக் கிடந்தவனைப் பார்த்த ஆசாரியன் என்ன செய்தான்? 'பக்கமாய் விலகிப்போனான்.' லேவியனும் அப்படியே. இருவரும் தேவனுக்கு ஊழியம் செய்கிறவர்கள். அவர்களுக்கும் மனசு பாரமாகக்கூடாது என்றுதான் இருந்திருக்கும். அதே அதிகாரத்தின் கடைசியில் இயேசு மார்த்தாளைப் பார்த்து, 'நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்' என்கிறார். கவலைக்கு மருந்து தேடுகிறவர்கள் எல்லோரும் மார்த்தாளிடம் நேராகப் போய்விடுகிறார்கள். அவளுக்குச் சில வசனங்களுக்கு முன்னால் விலகிப்போனவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நீங்கள் மார்த்தாள் என்று நினைத்துக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

இன்னொரு சொல்லையும் நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். 'ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.' விசாரிப்பது உங்களுக்குத் தொந்தரவாகிவிட்டது. பேதுரு தன் முதல் நிருபத்தில் என்ன எழுதுகிறார்? 'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.' இந்த வசனமும் உங்களுக்கு மனப்பாடமாகத்தான் இருக்கும். பாரத்தை யார்மேல் வைக்கச் சொல்கிறார்? விசாரிக்கிறவர்மேல். அவர் விசாரிப்பார் என்பதுதான் உங்களுக்கு ஆறுதல். அதையே ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து செய்தால் அடுத்த தெருவுக்கு ஓடுகிறீர்கள்.

தமிழில் ஒரு விஷயம் கவனியுங்கள். நம் பக்கத்தில் வயதானவர்கள் கவலைக்கே 'விசாரம்' என்பார்கள். 'அவளுக்கு ஒரே விசாரம், சோறே இறங்கவில்லை' என்பார்கள். போய்க் கேட்டுவிட்டு வருவதும் 'விசாரித்துவிட்டு வருவது'தான். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறீர்களே, அதே பிலிப்பியர் நிருபத்தில் இரண்டாம் அதிகாரத்துக்குப் போங்கள். தீமோத்தேயுவை அனுப்பப்போகிறேன் என்று பவுல் எழுதுகிறார். ஏன் அவனை? 'உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்கிறதற்கு' அவனைப்போல் மனதுள்ளவன் வேறு யாரும் தன்னிடத்தில் இல்லையாம். கிரேக்க மூலத்தில் அந்த 'விசாரிக்கிறதற்கு' என்பதும், நாலாம் அதிகாரத்தில் 'கவலைப்படாமல்' என்பதும் ஒரே வினைச்சொல். மெரிம்னாவோ. தமிழில்தான் இடம் பார்த்து இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். இதை முதலில் கற்றுக்கொண்ட நாளில் நான் வேதத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரே நிருபத்தில், ஒரே சொல்லை, ஒரு இடத்தில் செய்யாதே என்கிறார், இன்னொரு இடத்தில் அதைச் செய்கிறவனைப்போல் ஒருவனும் இல்லை என்று மெச்சுகிறார்.

அதனால் நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். மனசுக்குள் இருக்கிற அந்த அக்கறை எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஒருவர் வாசலுக்கு நடந்து போனால் அது விசாரிப்பு. போக விடாமல் அடைத்து வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புகிறது. உங்கள் விசுவாசம் குறைவா என்று கேட்டீர்கள். உபவாசம் இருக்கிறீர்கள், விடியுமுன்னே எழுந்து ஜெபிக்கிறீர்கள், நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். உங்கள் ஜெபம் வீடு திரும்பும் வழியைத்தான் குறைசொல்கிறேன். ஆண்டவர் இதற்காக உங்கள் தூக்கத்தைப் பறித்துத் தண்டிக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அதைச் சொல்லவில்லை.

அந்தப் பிலிப்பியர் நிருபத்தைப் பவுல் எழுதியபோது கட்டப்பட்டிருந்தார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். காவலில் இருந்த மனிதர், வெளியே இருக்கிறவர்களை விசாரித்து வர ஆள் அனுப்புகிறார். தேவகோட்டையைத் தாண்டி, திருவாடானைக்கு அப்பால் ஓரியூர் இருக்கிறது. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கே ஜான் டி பிரிட்டோ என்கிற கத்தோலிக்கக் குரு அருளானந்தரை வெட்டிக் கொன்றார்கள். முந்தைய நாள் சிறையில் இருந்துகொண்டு தன் உடன்குருக்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நம் சபை வேறு, அவர்கள் சபை வேறு, இருக்கட்டும். விடிந்தால் சாவு என்று தெரிந்தவர்களுக்கும் மற்றவர்களை நினைக்க மனசில் இடம் இருந்திருக்கிறது. சிலுவையில் தொங்கியவர் பெற்ற தாயைப் பார்த்து, சீஷனைப் பார்த்து, 'அதோ, உன் தாய்' என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் உயிரைவிட்டார். உங்களுக்கு நாலு லட்சம் வரவேண்டியிருக்கிறது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று எழுதினீர்கள் அல்லவா, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. டிபன் கேரியர் யார் கையில் போகிறது? கடைப்பையன் கையிலா? உங்கள் மனைவி சமைத்து அனுப்புகிறார், அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஆனால் பெற்றவருக்கு மகன் செய்ய வேண்டியதை ரசத்தோடும் பொரியலோடும் அடுக்கி அனுப்பிவிட முடியாது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதலாவது தங்கள் சொந்தக் குடும்பத்தைத் 'தேவபக்தியாய் விசாரித்து' என்றுதான் சொல்கிறார். அங்கேயும் அதே விசாரிப்பு. அதைத் தேவபக்தி என்கிறார். உங்கள் வெள்ளிக்கிழமை உபவாசத்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா கடைசி வருஷத்தில் போனில் பேசும்போது 'அப்புறம்?' என்பார். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு 'அப்புறம்?' வரும். 'அப்புறம் ஒன்றுமில்லை அம்மா, ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது' என்று வைத்துவிடுவேன். எத்தனை முறை என்று கணக்கில்லை. இன்றைக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பேன். ஒரு தெரு தள்ளி இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் நான் இந்தப் பக்கத்தை எழுதக்கூடாது.

சரி, அவர் கேட்டால் ஏன் பாரமாகிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறாக இருந்தால் திருத்தி எழுதுங்கள். உங்களுக்கு வெட்கம். 49 வயதில், கொடுத்த கடனை வசூலிக்க முடியாதவனாக அப்பா முன்னால் நிற்க வெட்கம். 'எல்லாம் நல்லா இருக்குப்பா' என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, பொய் சொன்னால் கனக்கிறது. ஆண்டவரிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது, அவர் திருப்பிக் கேட்க மாட்டார் என்று நினைக்கிறீர்கள். ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். மறைந்துகொண்டிருந்த ஆதாமை அவர் 'நீ எங்கே இருக்கிறாய்' என்று கேட்டார். காயீனை, 'உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே' என்று கேட்டார். கேள்வி கேட்காத தேவன் நம் வேதத்தில் இல்லை.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று எழுதவே இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் ராத்திரியில் எழுப்பும். இந்த வாரமே டாக்டரிடம் போய் மூன்று மாதச் சராசரி பார்க்கச் சொல்லுங்கள், தூக்கம் கெட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். படபடப்போ, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்போ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன அதிகாரத்தை எழுதிய லூக்காவே வைத்தியர்தான்.

கடன் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது குறைவு. யார் யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி, கட்டாதவர்களுக்குப் புதுச் சரக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். மகளுக்கு வரன் பார்க்கிற விஷயம் இருக்கிறதே, அதில் அப்பாவைக் கேட்காமல் ஒரு அடி வைக்காதீர்கள். குடும்பத்தில் மூத்தவர் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது அவருக்குத் தெரியாமல் பேத்திக்கு வரன் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. அவர் காலத்து ஆட்களை அவருக்குத் தெரியும், எந்தக் குடும்பம் எப்படி என்று தெரியும். அதைவிட, அவளைப் பற்றி யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று இருக்கும்.

நாளைக் காலையில் வழக்கம்போல் ஊருணியைச் சுற்றுங்கள். திரும்பும்போது முன்தெரு வழியாக வாருங்கள். பையில் பழமும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு விருந்தாளிபோல் போக வேண்டாம், வெறுங்கையோடு போங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள். திண்ணையில் உட்காருங்கள். 'கடை எப்படிப்பா?' என்று கேட்பார். நாலு லட்சம் நிற்கிறது, இன்னாரும் இன்னாரும் போனே எடுப்பதில்லை என்று பெயரோடு சொல்லுங்கள். அவர் இரண்டு திட்டு திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபியுங்கள். ஊருணிக் கரையில் தனியாகச் செய்கிற ஜெபத்தில் பாதியை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நீங்கள் விசாரியுங்கள். அம்மா போனதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தூங்குகிறாரா என்று கேளுங்கள்.