வைத்த கீரையைக் காலையில் எடுத்தது யார்?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் புத்தகங்களைக் 'கதை', 'உண்மை' என்று இரண்டாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்களாம். இவள் குரங்கும் முதலையும் கதையைக் கொண்டுபோய் 'உண்மை' பக்கம் வைத்துவிட்டு, அது அங்கேதான் இருக்கணும் என்று டீச்சரிடம் வாதாடியிருக்கிறாள். "கற்பனைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசமே தெரியல, வீட்டுல சொல்லிக்கொடுங்க" என்கிறார் டீச்சர். அவர் சொல்வதும் சரிதான், எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறாள். போன கோயில் கொடைக்கு வெட்டிய கிடாவை, காட்டுக்கு ஓடிப்போய்விட்டது என்று சொல்லிவைத்தோம். இன்றைக்கும் சாயங்காலமானால் அதற்கு அகத்திக்கீரை கொண்டுபோய்த் தொழுவில் வைக்கிறாள். இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? என்ன புத்தகம் வாங்கலாம்? கதை சொல்வதையே கொஞ்ச நாள் நிறுத்திவிடட்டுமா? சாமி கதைகளை எதில் சேர்ப்பது?
— தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: புத்தகம் இருக்கட்டும், அம்மா. முதலில் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்கள் மகள் சாயங்காலம் வைக்கும் அந்த அகத்திக்கீரையைக் காலையில் யார் எடுக்கிறார்கள்?

நீங்கள் எடுத்து மாட்டுக்குப் போட்டிருக்கலாம். உங்கள் மாமியார் தொழுவைப் பெருக்கும்போது சேர்த்துத் தள்ளியிருக்கலாம். யாராக இருந்தாலும் சரி, பிள்ளை எழுந்து போய்ப் பார்க்கும்போது கீரை அங்கே இல்லை. ராத்திரி வைத்தது காலையில் இல்லையென்றால் என்ன அர்த்தம்? கிடா வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஆறு வயதில் இதைவிட ஒழுங்காக யாராலும் யோசிக்க முடியாது. நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை அவள். கீரை வைத்துப் பார்க்கிறாள், காலையில் போய்ச் சரிபார்க்கிறாள். அவளுக்குப் பொய்ச் சாட்சி தயார் செய்து கொடுப்பது வீட்டிலுள்ள பெரியவர்கள். அப்புறம் அவளுக்கு நிஜம் தெரியவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பூச்சாண்டி, பிடித்துக்கொண்டு போகும் போலீஸ் மாமா, திடீரென்று ரிப்பேர் ஆகும் டிவி, ஊருக்குப் போனவர் திரும்பியே வராத தாத்தா. பிள்ளை பொய்க்கும் நிஜத்துக்கும் குழம்புகிறது என்பார்கள். அந்தப் பிள்ளையிடம் நிஜத்தைச் சொன்னவர் யார் என்று தேடினால் வீட்டில் ஒருவரும் அகப்பட மாட்டார்கள்.

ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்பனை எது என்று தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொப்புச் சாமானில் மண்ணைப் போட்டுப் பொங்கல் வைத்து, "சாப்பிடுங்க" என்று நீட்டும் மூன்று வயதுப் பிள்ளையைப் பாருங்கள். நீங்கள் அந்த மண்ணை நிஜமாகவே வாயில் போட்டால் பதறிவிடும். அது விளையாட்டு என்று அதற்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாதவை வேறு. கிருமி, பூமி உருண்டை, செத்துப்போனவர் எங்கே போனார் என்பது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியலாளர் பால் ஹாரிஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தங்களால் பார்க்க முடியாத விஷயங்களைப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரியவர்களின் வாய்ச்சொல்லை நம்பித்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் சொல்வது. அந்தக் கிடா எங்கே போனது என்று உங்கள் மகளுக்குச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை.

கதை சொல்வதை நிறுத்தட்டுமா என்று கேட்டீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. கதையா உங்கள் மகளை ஏமாற்றியது? நம் ஆச்சிமார் "ஒரே ஒரு ஊர்ல" என்று ஆரம்பித்தால் இனி வருவது கதை என்று மடியில் கிடக்கும் பிள்ளைக்குத் தெரியும். "கதை முடிஞ்சது, கத்தரிக்காய் காய்ச்சது" என்றால் முடிந்துவிட்டது, எழுந்து சாப்பிடப் போகலாம். உள்ளே நுழையவும் வெளியே வரவும் வாசல் வைத்துக் கட்டிய வீடு அது. நீங்கள் சொன்ன கிடாக் கதைக்கு வாசலே இல்லை. உள்ளே போன பிள்ளை இன்னும் அங்கேயே நிற்கிறாள்.

ஆகவே முதல் வேலை, கிடாவைப் பற்றிச் சொல்வது. நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். நீண்ட கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிள்ளையிடம் கஷ்டமானதைச் சொல்வது தாயின் வேலை மட்டும் என்று எந்தத் தகப்பனும் ஒதுங்கக் கூடாது. லீவு நாளில், பகல் வெளிச்சத்தில் சொல்லுங்கள். தூங்கப் போகும் நேரம் வேண்டாம். "கிடா காட்டுக்குப் போகலம்மா. கொடைக்கு நேர்ந்துவிட்டது, அன்னைக்கு வெட்டிட்டாங்க, செத்துப்போச்சு. நீ அழுவியேன்னு பயந்து பொய் சொல்லிட்டோம். அது எங்க தப்பு." இவ்வளவு போதும். தூங்குகிறது, சாமி கூப்பிட்டுக்கொண்டது என்றெல்லாம் சுற்றி வளைக்காதீர்கள். வேறு குட்டி வாங்கித் தருகிறேன் என்று அழுகையை அடைக்கவும் வேண்டாம். அழட்டும், பக்கத்தில் இருங்கள். கீரையை யார் எடுத்தது என்று கேட்பாள். அதையும் சொல்லுங்கள். அன்று அவள் இலையிலும் கறி வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் அந்தக் கேள்வியும் வரும். ஆமாம் என்பதுதான் பதில். சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாமா சொல்வது என்று உங்கள் மாமியார் தடுக்கலாம். பெரியவர் மனம் நோகாமல் பேசுங்கள், ஆனால் சொல்வதை நிறுத்தாதீர்கள். இது பெற்றவர்கள் கடமை. கிராமத்தில் வளர்கிற பிள்ளை, கறி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துதான் வளர வேண்டும்.

இது முடிந்து சில நாள் கழித்துப் புத்தகத்துக்கு வாருங்கள். முதலைகளைப் பற்றிய தகவல் புத்தகம் ஒன்று, அந்தப் பஞ்சதந்திரக் கதை ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் படித்துக் காட்டுங்கள். கதையில், முதலையின் மனைவி குரங்கின் ஈரலைக் கேட்கிறாள். நிஜத்தில், தாய் முதலை மணலில் குழி பறித்து முட்டையிடுகிறது. மணலின் சூட்டைப் பொறுத்துக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது. குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கத்துகின்றன. தாய் அதைக் கேட்டுத் தோண்டியெடுத்து, அத்தனை பெரிய பல்லுக்கு நடுவே வாயில் கவ்விக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடுகிறது. எது கதை என்று உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள், இரண்டாவதைச் சொன்னாலும் ஆச்சரியமில்லை. நம்புகிற மாதிரி இருக்கிறதா என்பதை வைத்து இதைப் பிரிக்க முடியாது. படமா போட்டோவா என்பதை வைத்தும் முடியாது. உங்கள் போனில் வரும் வீடியோக்களே அதற்குச் சாட்சி. "இது எப்படித் தெரிஞ்சது? யார் பார்த்தா?" என்று கேட்கப் பழக்குங்கள். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே வருஷக்கணக்கில் கூடவே இருந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். குரங்கும் முதலையும் பேசியதை யாரும் பார்க்கவில்லை, ஒருவர் யோசித்துச் சொன்னார். இந்த வித்தியாசம் ஆறு வயதுக்குப் புரியும்.

சாமி கதைகளை இந்த இரண்டு அடுக்கில் எதிலும் திணிக்க வேண்டாம். "நம்ம வீட்டுல இதை நம்புறோம்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

டீச்சரைப் போய்ப் பாருங்கள். அன்று அவள் என்ன சொல்லி வாதாடினாள் என்று கேளுங்கள். அதை நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதலை நிஜம், குரங்கு நிஜம், நாவல் மரம் நிஜம், அப்புறம் எப்படிப் பொய்யாகும் என்று அவள் கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது டீச்சர்.

கிடா விஷயம் தெரிந்த பிறகு கொஞ்ச நாளைக்கு எதைச் சொன்னாலும் "நிஜமாவா?" என்பாள். கடை லீவு என்றாலும், அப்பா நாளைக்கு வருவார் என்றாலும் கேட்பாள். எரிச்சல் படாதீர்கள், ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஊசி வலிக்குமா என்று கேட்டால், வலிக்கும் என்று சொல்லுங்கள்.