'1.99% முதல்' என்றார்கள். கைக்கு வந்தது மூன்றரை வட்டி

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளம் 20,000 ரூபாய். போன மாதம் வேலூர் புதிய பேருந்து நிலையம் பக்கம் கிரெடிட் கார்டு ஸ்டால் போட்டிருந்தார்கள். பேனரில் 'வட்டி மாதம் 1.99% முதல்' என்று இருந்தது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு 40,000 ரூபாய் வேண்டும். கார்டில் கட்டிவிட்டு மெதுவாக அடைக்கலாம் என்று விண்ணப்பித்தேன். கார்டு வந்து பத்து நாள் ஆகிறது. கூட வந்த தாளில் மாதம் 3.5% என்று போட்டிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? கார்டை இன்னும் ஆக்டிவேட் செய்யவில்லை.
- வாசகர், ஆம்பூர்

பதில்: ஆக்டிவேட் செய்யாமல் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று. அப்படியே இருக்கட்டும்.

பேனரில் இருந்த 'முதல்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஜவுளிக்கடை வாசலில் 'சேலை 199 முதல்' என்று போர்டு வைத்தால், நாம் எடுக்கப்போகும் சேலை அந்த விலைக்கு இருக்காது என்று தெரிந்துதான் உள்ளே போகிறோம். ஆனால் அங்கே விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம். கார்டில் அப்படி இல்லை. உங்கள் சம்பளம், ஏற்கெனவே உள்ள கடன், சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எந்தக் கார்டு, என்ன வட்டி என்று முடிவாகிறது. குறைந்த வட்டி பெரும்பாலும் பெரிய வருமானக்காரர்களுக்கோ, டெபாசிட்டை ஈடு வைத்துக் கார்டு வாங்குபவர்களுக்கோ போகிறது. இதுவரை கடனே வாங்காதவருக்கு, வங்கியிடம் காட்ட ஒரு வரலாறு இல்லை என்பதே பாதகமாகிவிடும்.

சட்டப்படி இதை ஏமாற்று என்று நிரூபிப்பது கடினம். ஆனால் ரிசர்வ் வங்கியின் விதிகள்படி, வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய ஒரு பக்கத் தாளை விண்ணப்பத்தோடு சேர்த்தே தர வேண்டும். ஸ்டாலில் ஓடிபி சொல்லச் சொல்லி அவசரப்படுத்தும்போது அந்தத் தாளை யார் படிக்க விடுகிறார்கள்? எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அந்தத் தாள் உங்களுக்குத் தரப்படவே இல்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது.

சரி, வட்டிக்கு வருவோம். நம் பக்கத்தில் கைமாற்று வாங்கும்போது 'ரெண்டு வட்டி', 'மூணு வட்டி' என்று நூற்றுக்கு மாதக் கணக்கில்தான் பேசுகிறோம். மூணு வட்டி என்றாலே வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்பார்கள். இந்தக் கார்டு மூன்றரை வட்டி. ஆண்டுக்கு 42%. அந்த வட்டிமீது 18% ஜிஎஸ்டி வேறு. 40,000 ரூபாயை நிலுவையில் விட்டால் ஒரு மாத வட்டி 1,400, வரி 252, ஆக 1,652 ரூபாய். நீங்கள் 2,000 கட்டினால் அசலில் குறைவது 348 ரூபாய்தான். பேனரில் சொன்ன 1.99% கிடைத்திருந்தாலும் வரியோடு மாதம் 939 ரூபாய் போயிருக்கும். உங்கள் சம்பளத்துக்கு அதுவும் தாங்காது.

இன்னொன்று. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதைப் பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

கார்டை என்ன செய்வது? கொடுத்து 30 நாள் தாண்டியும் ஆக்டிவேட் ஆகாவிட்டால், வங்கி ஓடிபி மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் கட்டணம் எதுவும் இல்லாமல் கணக்கை மூட வேண்டும். இதுவும் ரிசர்வ் வங்கியின் விதிதான். அதனால் கார்டு விஷயமாக யார் போன் செய்தாலும் ஓடிபி சொல்லாதீர்கள். காத்திருக்க விருப்பமில்லை என்றால் இன்றே மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்புறம், சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பணத்துக்கு வழி: வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். ஆண்டு வட்டி 10% என்றால் 40,000 ரூபாய்க்கு மாதம் 333 ரூபாய் ஆகும். வட்டி எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு நகையைக் கொடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? இருந்தால், உங்களை நம்பி வாழும் அம்மாவையும் அதில் சேர்க்க வழி உண்டு. பெரிய வருமானம் எதுவும் அவருக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அம்மா பெயர் பதிவாகியிருக்கிறதா என்று நாளைக்கே கம்பெனி அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அம்மாவை அழைத்துப் போய்க் காட்டி, ஆபரேஷனுக்கு எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.