நஷ்டத்தில் ஓடும் ஆலையை அரசே நடத்தலாமா?

கேள்வி: நான் வேலை பார்க்கும் தனியார் ஆலை கடனில் தள்ளாடுகிறது. அரசே அதை எடுத்து நடத்த வேண்டும் என்று எங்கள் தொழிற்சங்கம் மனு கொடுக்கப்போகிறது. அப்படிக் கேட்பது சரியா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நடத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். கெடு வைத்துக் கைகொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாதுகாப்பு, மாசு, ஏகபோகம் ஆகியவற்றுக்கு விதி போடுவது அரசின் வேலை. அதே அரசு ஆலைக்கு முதலாளியும் ஆனால், விதி மீறலைக் கண்டுபிடிக்க வேண்டியவரும் மறைக்க விரும்புபவரும் ஒருவரே ஆகிவிடுவார். நஷ்டம் தரும் பிரிவை மூடுவதா என்பதும் தேர்தல் கணக்காகிவிடும்.

1979இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்தது. அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு ஜாமீன் நின்றது. பதிலுக்குத் தொழிலாளர்கள், வங்கிகள் என எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1983இலேயே, கெடுவுக்குப் பல ஆண்டுகள் முன்பே, நிறுவனம் கடனை அடைத்தது. ஜாமீனுக்கு ஈடாகப் பெற்ற, பங்கு வாங்கும் உரிமைகளை விற்றதில் அரசுக்கு லாபமும் கிடைத்தது.

பிரிட்டனின் கார் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்டின் கதை வேறு. 1975இல் பிரிட்டன் அரசு அதன் பெரும்பான்மைப் பங்கை எடுத்தது. மக்கள் பணம் போய்க்கொண்டே இருந்தது, சந்தையில் அதன் இடமோ சுருங்கியது. 1988இல் மிஞ்சியதை விற்றார்கள்.

அதற்காக அரசுடைமை எப்போதுமே தவறு என்று சொல்ல மாட்டேன். 1971இல் விமான எஞ்சின் செய்யும் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் நொடித்தபோது, விமானப்படையே அதன் எஞ்சின்களை நம்பியிருந்ததால் பிரிட்டன் அதை எடுத்துக்கொண்டது. 1987இல் தனியாருக்கே விற்றது. உங்கள் ஆலைக்கு அப்படியொரு காரணம் உண்டா என்று யோசியுங்கள்.

சரி, மனுவில் என்ன கேட்கலாம்? மானியம் வேண்டாம், கடன் ஜாமீன் போதும். அது எப்போது முடியும் என்ற தேதி வேண்டும். நஷ்டத்தை முதலில் சுமக்க வேண்டியவர் உரிமையாளர். கடன் தீரும்வரை அவருக்கு ஈவுத்தொகை கூடாது. அப்புறம், ஆலை மீளாவிட்டாலும் சம்பள பாக்கியும் மறுபயிற்சியும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காப்பாற்ற வேண்டியது உங்கள் குடும்பங்களைத்தான்.

மனு எழுதுமுன் நிர்வாகத்திடம் மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். சரக்கு விற்றும் வட்டி கழுத்தை நெரிக்கிறதென்றால் ஜாமீன் உதவும். சரக்கே விற்கவில்லையென்றால், மறுபயிற்சிக் கோரிக்கையை மனுவின் முதல் வரியில் வையுங்கள்.