வாசகர் கேள்வி - ஆசிரியர் பதில்: சைகோன் பக்கம் திரும்பிய பீரங்கிகள்

சென்ற இதழில், போர் நடக்கும் நாடுகளில் இராணுவம் ஆட்சியைப் பிடிப்பது குறித்து எழுதிய பதிலில் அமெரிக்க ஆதரவுடன் கம்யூனிஸ்ட் வட வியட்நாமை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தபோதே தன் அரசைத் தன் படையே கவிழ்த்த தென் வியட்நாமை (1975 வரை தனி நாடு) ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த வாரப் பக்கம்.

ஐயா, எதிரி வாசற்படியில் நிற்கும்போது ஒரு நாட்டின் படை தன் அரசையே கவிழ்க்குமா? போர் வந்தால் எல்லோரும் ஒன்றுபடுவார்கள் என்றல்லவா படித்திருக்கிறோம்?
- மன்னார்குடி வாசகர்

ஆள்பவர் தம்மவர் என்று மக்களும் படையினரும் எண்ணும் நாட்டில் அப்படி ஒன்றுபடுவார்கள்; தென் வியட்நாமில் அந்த எண்ணம் இல்லை. தென் வியட்நாமின் அதிபராக இருந்த நோ டின் டியெம், 1955இல் நடத்திய வாக்கெடுப்பில் 98 விழுக்காட்டுக்கு மேல் பெற்றதாக அறிவித்துக்கொண்டவர்; தலைநகர் சைகோனில் விழுந்த வாக்குகளோ பதிவுபெற்ற வாக்காளர்களின் எண்ணிக்கையையே தாண்டியிருந்தன. 1960 நவம்பரில் பாராசூட் படையினர் அவருடைய மாளிகையைச் சூழ்ந்தார்கள். 1962 பிப்ரவரியில் அவருடைய விமானப்படையைச் சேர்ந்த விமானிகள் இருவரே மாளிகையின் மீது குண்டு வீசினார்கள். இரண்டிலும் உயிர் தப்பிய டியெம், அதன் பிறகு காட்டுக்குள் இருந்த வியட் காங் என்னும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைவிடத் தம் தளபதிகளைக் கண்டே அதிகம் அஞ்சினார்.

அந்த அச்சம் போர்க்களத்தில் என்ன செய்தது என்பதை 1963 ஜனவரி 2 அன்று சைகோனுக்குத் தெற்கே மேக்காங் ஆற்று டெல்டாவிலுள்ள ஆப் பாக் கிராமத்தில் பார்க்கலாம். அங்கே இருந்த கெரில்லாக்கள் ஏறத்தாழ 350 பேர். அவர்களைச் சுற்றி வளைக்கச் சென்ற அரசின் 7ஆவது டிவிஷன் படையோ ஆள் எண்ணிக்கையில் பல மடங்கு பெரியது, ஹெலிகாப்டர்களும் கவச வண்டிகளும் கொண்டது. ஐந்து ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன; இருட்டியதும் கெரில்லாக்கள் நழுவிச் சென்றுவிட்டார்கள். ஆள் இழப்பு மிகுந்தால், கவிழ்ப்பு வரும்போது தம்மைக் காக்கப் படை வேண்டும் என்று எண்ணிய அதிபரின் கோபத்துக்கு ஆளாக நேரும் என்று அஞ்சிய அதிகாரிகள் முன்னேறத் தயங்கினார்கள். அப்பகுதியின் தலைமைத் தளபதி ஹுயின் வான் காவோ, போர்த்திறமையைவிட அதிபர் மீது கொண்ட விசுவாசத்தால் உயர்ந்தவர். ஆட்சிக் கவிழ்ப்பின் சேதம் அது நடப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்று நான் கருதுவதற்கு இந்த ஒரு நாளே போதும்.

டியெமைக் கவிழ்த்தது அமெரிக்காதானே? தளபதிகள் வெறும் கருவிகள் இல்லையா?
- கோவை வாசகர்

பாதி சரி. கத்தோலிக்கரான டியெமின் ஆட்சியில், 1963 மே மாதம் ஹுவே நகரில் பௌத்தக் கொடி ஏற்றத் தடை விதிக்கப்பட்டதை எதிர்த்துக் கூடியவர்கள் மீது நடந்த தாக்குதலில் உயிர்கள் போயின. ஜூன் 11 அன்று துறவி திக் குவாங் டுக் சைகோன் வீதியில் தீக்குளித்தார். ஆகஸ்டில் அரசின் சிறப்புப் படை பௌத்த ஆலயங்களுக்குள் புகுந்தது. அதன் பிறகே, அந்தப் படையைத் தம் பிடியில் வைத்திருந்த தம்பி நுவை டியெம் விலக்க மறுத்தால் டியெமையே காப்பாற்ற முடியாது என்ற செய்தி ஆகஸ்ட் 24 அன்று வாஷிங்டனிலிருந்து சைகோன் தூதரகத்துக்குச் சென்றது. நவம்பர் 1 அன்று அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் அதிகாரி லூசியன் கொனைன், அந்நாட்டு நாணயமான பியாஸ்டரில் முப்பது லட்சம் பணத்துடன் தளபதிகளின் தலைமையகத்திலேயே அமர்ந்திருந்தார்.

ஆனால், திட்டம் தளபதிகளுடையது. டெல்டாவிலிருந்து சைகோனுக்குச் செல்லும் வழியிலுள்ள மி தோ நகரில் இருந்த அதே 7ஆவது டிவிஷனை முதலில் கைப்பற்றி, ஆற்றின் படகுகளையெல்லாம் தங்கள் கரைக்கு இழுத்துக்கொண்டு, விசுவாசியான காவோவின் படை சைகோனுக்கு வந்துவிடாதபடி தடுத்தார்கள். மறுநாள் சைகோனின் சோலோன் பகுதித் தேவாலயத்தில் பிடிபட்ட டியெமும் நுவும் கவச வண்டிக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதலில் தற்கொலை என்றே அறிவிக்கப்பட்டது. நம் பத்திரிகைகள் இத்தகைய நிகழ்வை ‘இராணுவப் புரட்சி’ என்று எழுதுவதைப் பார்த்து நான் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால், அந்தத் தளபதிகளும் தங்கள் குழுவுக்கு ‘இராணுவப் புரட்சிக் குழு’ என்றுதான் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

வெறுக்கப்பட்ட ஆட்சியாளர் போனபின் நிலைமை சீராகியிருக்க வேண்டுமே? ஏன் ஆகவில்லை?
- திருநெல்வேலி, கல்லூரி மாணவி

உங்கள் கேள்விதான் இக்கடிதங்களில் முக்கியமானது. மூன்றே மாதத்தில், 1964 ஜனவரி 30 அன்று, தளபதி நுயென் கான் மற்றத் தளபதிகளைக் கைது செய்து ஆட்சியைப் பிடித்தார். பிரான்சின் யோசனைப்படி நாட்டை நடுநிலையாக்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு; மெய்ப்பிக்க ஆதாரம் கிடைக்கவில்லை. இரத்தம் சிந்தாத கவிழ்ப்பு என்று பெயரெடுத்தாலும், டியெமைச் சுட்டதாகக் கருதப்பட்ட அதிகாரி காவலில் இறந்துபோனார்.

சைகோனில் நாற்காலி மாறியபோது மாவட்டங்களில் நடந்ததுதான் பெரிய இழப்பு. அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா 1964 மார்ச்சில் தம் அதிபருக்கு அளித்த அறிக்கையின்படி, நவம்பர் 1 அன்று பதவியில் இருந்த 41 மாகாணத் தலைவர்களில் 35 பேர் மாற்றப்பட்டுவிட்டார்கள். ஒன்பது மாகாணங்கள் மூன்று மாதத்தில் மூன்று தலைவர்களைக் கண்டன, ஒரு மாகாணம் நான்கு பேரை. எந்த ஊர்ப் பெரியவரை நம்பலாம், எந்தப் பாதையில் இரவில் ஆள் நடமாட்டம் என்று ஓர் அதிகாரி தெரிந்துகொள்வதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும். அதே ஊரில் வியட் காங்கின் ஆட்களோ பல ஆண்டுகளாக அசையாமல் இருந்தார்கள். கெரில்லாக்கள் மக்களை அண்டாதபடி வேலியிட்டு எழுப்பப்பட்ட அரண் கிராமங்கள் பல அந்த மாதங்களில்தான் சிதைந்தன. வட வியட்நாமின் தலைநகரான ஹனோய் இதைக் கவனிக்காமல் இல்லை. தெற்கில் போரைத் தீவிரப்படுத்துவதென்று 1963 டிசம்பரிலேயே அங்கு கம்யூனிஸ்ட் கட்சி முடிவெடுத்தது.

1964 செப்டம்பர் 13 அன்று டெல்டாவிலிருந்து படைகள் மீண்டும் சைகோனுக்குள் நுழைந்தன. இம்முறையும் வந்தவற்றில் 7ஆவது டிவிஷன் பட்டாளங்கள் உண்டு. விமானப்படைத் தலைவர் நுயென் காவோ கி, குண்டு வீசுவேன் என்று மிரட்டித் திருப்பி அனுப்பினார். டிசம்பர் 20 அன்று இளந்தளபதிகள், இராணுவம் சாராதவர்களைக் கொண்ட உயர் தேசிய மன்றத்தைக் கலைத்தார்கள். அதற்காக அமெரிக்கத் தூதர் டெய்லர் அவர்களை அழைத்துக் கடிந்துகொண்ட சச்சரவு தலைநகரில் ஓயாதிருந்த நாட்களில்தான், பின் கியா என்ற ஊரில் வியட் காங்குடன் நடந்த சண்டையில் அரசுப் படையினர் ஏறக்குறைய 200 பேர் மாண்டார்கள். 1965 பிப்ரவரியில் இன்னொரு கவிழ்ப்பு முயற்சி. அதை முன்னின்று நடத்திய கர்னல் பாம் நாக் தாவ், அரசுப் படைக்குள் இருந்த கம்யூனிஸ்ட் ரகசிய உளவாளி! யார் யாரைக் கவிழ்த்தாலும் வியப்பில்லை என்றாகிவிட்ட ஒரு படையில், எதிரியின் ஆள் செய்யும் கலகத்துக்கும் மற்றவர்கள் செய்யும் கலகத்துக்கும் யாராலும் வேறுபாடு காண முடியவில்லை. கான் அத்துடன் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன் படையினர் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். ஜூனில் கி பிரதமரும் நுயென் வான் தியு அரசின் தலைவரும் ஆனார்கள்.

தியு பத்தாண்டு நிலைத்தாரே! அது நிலைத்த ஆட்சி இல்லையா? 1963 கவிழ்ப்பின் தலைவர் பிறகு என்ன ஆனார்?
- காரைக்குடி வாசகர்

நிலைத்தார், ஆனால் டியெமின் வழியில். 1967 தேர்தலில் அவர் பெற்றது 35 விழுக்காடு அளவு. 1971இல் அவரைத் தவிர வேறு வேட்பாளரே களத்தில் இல்லை. 1975 மார்ச்சில் வடக்குப் போர்முனை சரிந்துகொண்டிருந்தபோது, தம்மிடமிருந்த மிகச் சிறந்த படைகளில் ஒன்றான பாராசூட் டிவிஷனை அங்கிருந்து சைகோன் பக்கம் வரவழைத்தார். கவிழ்ப்பு அச்சமும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுவோர் பலர். நானும் அப்படியே கருதுகிறேன்.

1963 கவிழ்ப்பின் தலைவர், ‘பெரிய மின்’ என்று அழைக்கப்பட்ட டுவாங் வான் மின். தியு ஏப்ரல் 21 அன்று விலகிய பின், 28ஆம் தேதி அதே மின்னை அதிபராக்கினார்கள். ஏப்ரல் 30 அன்று வடக்கின் டாங்குகள் மாளிகைக் கதவை இடித்துக்கொண்டு நுழைந்தபோது அவர் உள்ளே காத்திருந்தார். அங்கிருந்து அவரைச் சைகோன் வானொலி நிலையத்துக்கு அழைத்துச் சென்று, சரணடைவு அறிவிப்பை வாசிக்க வைத்தார்கள். 1963 நவம்பர் 1 அன்று அவருடைய படைகள் முதன்முதலாகக் கைப்பற்றிய இடங்களுள் வானொலி நிலையமும் ஒன்று.