நண்பர்களோடு ஒரு நாள் கடலூர், புதுச்சேரி கடற்கரைக்குப் போகிறோம். எங்கே குளிக்கலாம், என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

எட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமை, குளிக்க வேண்டும், "எங்களில் மூன்று பேருக்கு நல்ல நீச்சல் தெரியும்" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அது கிணற்று நீச்சல். கடலில் முதலில் மாட்டுவது நீச்சல் தெரியாத ஐந்து பேர் அல்ல, அந்த மூன்று பேர்தான். தெரியாதவன் முழங்காலோடு நின்றுவிடுவான். தெரிந்தவன் அலைக்கு அப்பால் போய்க் காட்டுவான்.

பயமுறுத்துகிறேன் என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். எழுதட்டும். கரையில் நின்று பத்து நிமிடம் தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள் என்றுதான் சொல்கிறேன், போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

எதைப் பார்ப்பது? அலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடையாது. வெள்ளை நுரையாக உடையும் இடத்தில் அடியில் மணல் திட்டு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பத்து, இருபது மீட்டர் அகலத்துக்கு அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்தோ கலங்கியோ, சாதுவாகக் கிடக்கும். நுரையும் குப்பையும் அந்த வழியாகக் கடலை நோக்கிப் போகும். அதுதான் இழுப்பு. அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திட்டுகளுக்கு நடுவில் உள்ள பள்ளம் வழியாகத் திரும்புகிறது. பார்க்க அமைதியாக இருப்பதால் எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள்.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. கிணற்றில் படிக்கட்டைப் பார்த்து நீந்திய பழக்கம் இங்கேதான் ஆளைக் கொல்லும். இழுப்பின் வேகத்துக்கு எதிராக இரண்டு நிமிடம் கை போட்டால் தோள் விட்டுவிடும். மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்து, அலை வெள்ளையாக உடையும் இடம் வந்ததும் அதோடு கரைக்கு வர வேண்டும். கரையில் இருப்பவர்கள் கைகோத்துச் சங்கிலியாக இறங்கவே கூடாது. ஒருவர் போகிற இடத்தில் நாலு பேர் போவது அப்படித்தான். 5 லிட்டர் காலி தண்ணீர் கேனை இறுக மூடி, கைப்பிடியில் 15 மீட்டர் நைலான் கயிறு கட்டி வைத்திருங்கள். வீசினால், பிடித்துக்கொள்பவரின் தலையைத் தண்ணீருக்கு மேலே வைக்க அது போதும்.

தூக்கிவந்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பிறகு நடு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் செய்யுங்கள். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் இருமல் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

இனி இடம். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை நல்ல அகலமான மணல். கெடிலம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரப் பக்கம் மட்டும் போகாதீர்கள். கடல் மட்டம் தணிந்து வற்றம் இறங்கும்போது ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து வெளியே இழுக்கும், மணல் திட்டும் அடிக்கடி இடம் மாறும். பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி வாங்கிய கோட்டை. இன்று பார்க்க அதிகம் இல்லை, அரை மணி நேரம் போதும்.

அங்கிருந்து புதுச்சேரி 22 கி.மீ. அளவுதான். வழியில் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுத்துறை. படகில் போனால் பாரடைஸ் பீச். ஞாயிறு பத்து மணிக்கு மேல் வரிசை நீளும். இறங்கும்போதே திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் பெண்கள் இருந்தால் சின்ன வீராம்பட்டினம் ஈடன் பீச்தான் என் யோசனை. சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற இடம், உடை மாற்ற அறை உண்டு. நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்களே என்று முகம் சுளிக்க வேண்டாம். வேனுக்குள் துப்பட்டாவைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பதை விட மேல்.

நகரத்துக்குள், காந்தி சிலைப் பக்கம் குளிக்கவே முடியாது, எல்லாம் கருங்கல். "பாண்டியில் பீச்சே இல்லையே, வெறும் பாறைதானே" என்று வருகிறவர்கள் கேலி பேசுவதுதான் எரிச்சலாக இருக்கிறது. அங்கேயும் ஒரு காலத்தில் மணல்தான். இந்தக் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் கடைசியில் நகரத்துக்குத் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது, வடக்கே கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். அதற்கும் வடக்கே இருந்த மீனவக் குப்பங்களுக்கு அரிப்பு நகர்ந்தது. வீடு இழந்தவன் கதை செல்ஃபியில் வராது. பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்ததில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள், கல் அருகே அலை தூக்கி அடிக்கும். சரி, இதை நீங்கள் கேட்கவில்லை.

வெயிலுக்கு வருகிறேன். இது கிழக்குக் கரை. காலையில் சூரியன் கடல் பக்கம், நிழல் உங்களுக்குப் பின்னால், ஊர்ப் பக்கம் விழும். மதியத்துக்கு மேல் நிழல் கடல் பக்கம் திரும்பும். குடையை ஊன்றிவிட்டு காலையில் நிழல் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் பதினொரு மணிக்குள் வெயிலில் இருப்பீர்கள். கம்பை ஒன்றரை அடியாவது புதைத்து, காற்று வரும் பக்கம் சாய்த்து வையுங்கள். மதியம் கடல்காற்று எழும்பும்போது நேராக நிற்கும் குடை பறந்துவிடும். தார்ப்பாய் என்றால் நாலு பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, பையைப் புதையுங்கள். வெறும் முளைக்குச்சி மணலில் நிற்காது.

ஆறு மணிக்குக் கரையில் இருங்கள், ஒன்பதரைக்குக் குளியலை முடியுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை மணல் பக்கமே வேண்டாம். கோயில் பார்ப்பதானால் பத்து மணிக்கே போங்கள், பன்னிரண்டு வாக்கில் நடை சாத்திவிடுவார்கள். நாலு மணிக்குத் திரும்பி வந்தால் சவுக்குத் தோப்பின் நிழலே மணலில் விழத் தொடங்கியிருக்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை என்றால் குளியலை மறந்துவிட்டு வேடிக்கை மட்டும் பாருங்கள்.

சன்ஸ்கிரீன் பூசி இருபது நிமிடம் கழித்து இறங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும், பொட்டு வைப்பது போல வைத்தால் பயனில்லை. குளித்து எழுந்ததும் மறுபடி பூச வேண்டும். ஜீன்ஸ் போட்டு இறங்காதீர்கள், நனைந்தால் காலைப் பிடித்துக் கீழே இழுக்கும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். எட்டுப் பேருக்கு ஒரு 20 லிட்டர் கேனும் நாலு பாட்டிலும். காலைக்கு ஆளுக்கு நாலு இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். தேங்காய்ச் சட்னி வெயிலில் ஊசிவிடும். மதியத்துக்கு ஒரு கிலோ அரிசியில் பாதி புளிச்சாதம், பாதி தயிர்சாதம். தயிர்சாதத்தைக் குழைய வடித்து ஆறவிட்டு, பாலை நிறைய ஊற்றி இரண்டு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். மதியம் திறக்கும்போது பதமாக உறைந்திருக்கும். வெங்காயம் சேர்க்காதீர்கள்.

சரக்கு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வண்டியில் இருக்கும் என்று தெரியும். குடித்தவர் அன்று தண்ணீரில் இறங்க வேண்டாம், அவ்வளவுதான். பாட்டிலை மணலில் உடைக்காதீர்கள். மறுநாள் விடியலில் வெறுங்காலோடு வலை இழுக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மணல் போட்டுத் தேய்த்தாலோ எரிச்சல் கூடும். தோலில் ஒட்டியிருக்கும் அதன் நூல் போன்ற கொடுக்கை வழிக்காமல், சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பைக்கில் வருகிறீர்கள் என்றால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள், இல்லாவிட்டால் மணலில் புதைந்து வண்டி சாயும். வீட்டுக்குப் போனதும் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள்.